படத்துக்குப் பின்னால் ஒரு பலகை

மயூர் விஹாரில் தமிழர் வீட்டுக் கூடத்தில் இரண்டு மூன்று விஷயங்கள் எப்படியும் இருக்கும். சமயபுரத்திலிருந்தோ திருப்பதியிலிருந்தோ வந்த ஒரு சாமி படம், கறுப்பு வெள்ளையில் தாத்தா பாட்டி, பெரும்பாலும் ஒரு தஞ்சாவூர் ஓவியம். அது பரம்பரைச் சொத்தாக இருக்கலாம், கண்காட்சியில் வாங்கியதாகவும் இருக்கலாம். இவை மூன்றும் எங்கேயோ ஒரு பிரேம் கடை வழியாகத்தான் வந்திருக்கும். சாமி படத்தைப் பற்றி எழுத ஆளிருக்கிறது, ஓவியரைப் பற்றியும் இருக்கிறது. நடுவிலிருந்து கண்ணாடியும் சட்டமும் போட்டுக் கொடுத்த கடைக்காரரைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. எனக்கு ரொம்ப நாளாக அந்த ஆள்மேல்தான் கண்.

எங்கள் பக்கத்து மார்க்கெட்டில் ஒரு சந்துக்குள் கணவனும் மனைவியுமாக அப்படி ஒரு கடை நடத்துகிறார்கள். கடையின் முன்பாதி பிரேம் வேலை. பின்பாதியில் பித்தளை விளக்கு, காலொடிந்த ஸ்டூல், ரசம் போன நிலைக்கண்ணாடி என்று காலி செய்த வீடுகளிலிருந்து வந்த சாமான்கள். அவர் மரம் அறுக்கிறார். 45 டிகிரியில் மூலையை வெட்டி இரண்டு துண்டையும் சேர்த்தால் நடுவே நகம்கூட நுழையாது. கண்ணாடி வெட்டுவது, மவுண்ட் அட்டை வெட்டுவது, கணக்கு எல்லாம் அந்த அம்மா. பழைய படத்துக்குப் புதுப் பிரேம் கேட்டு யாராவது வந்தால், ஆணியைப் பிடுங்கி முதுகுப் பலகையைக் கழற்றிவிட்டு அந்த அம்மா ஒரு கேள்வி கேட்பார்: "பீச்சே வாலா ரக்கேங்கே?" பின்னால் இருப்பதை வைத்துக்கொள்வீர்களா என்று. பத்தில் ஒன்பது பேர் வேண்டாம் என்கிறார்கள். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

முதலில் படம் எப்படிச் சட்டத்துக்குள் போனது என்று பார்த்துவிடுவோம்.

தஞ்சாவூர் ஓவியத்துக்குச் சட்டம் என்பது அலங்காரம் கிடையாது, உடம்பு மாதிரி. பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணமும் பசையும் குழைத்துப் புடைப்பு வேலை செய்து, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி எடுக்கிற சமாசாரம். கனமும் ஜாஸ்தி, ஈரமும் ஆகாது. மராட்டியர் காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி ஆண்ட 1798-1832 காலத்தில், இந்தக் கலை செழித்தது. கண்ணாடியும் தடித்த மரச்சட்டமும் இல்லாவிட்டால் அன்றைய படங்கள் நம் காலம் வரை வந்திருக்காது. இன்றும் தஞ்சாவூர் ஓவியத்துக்கு 'செட்டிநாடு பிரேம்' வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

இதைவிட வேடிக்கையானது கண்ணாடி ஓவியம். சீனத்தின் காண்டன் துறைமுக வியாபாரத்தோடு 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த வித்தை இது. கண்ணாடியின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் வரைய வேண்டும். சாதாரண ஓவியத்தில் கடைசியாக வைக்கிற மூக்குத்தியும் கண்மணியும் இதில் முதலில் வரும், பின்னணி கடைசியில் வரும். முதலில் தப்பு செய்தால் திருத்த வழியே இல்லை. வண்ணம் முழுக்கக் கண்ணாடியின் முதுகில் இருப்பதால் பின்னால் பலகை அடித்துச் சட்டம் போட்டால்தான் படம் பிழைக்கும்.

இவையெல்லாம் பணக்காரர் வீட்டுச் சமாசாரம். சாதாரணக் குடும்பத்தின் சுவருக்குப் படம் வந்தது அச்சு வழியாக. 1878இல் கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோவும் அதே ஆண்டு பூனாவில் சித்ரசாலா அச்சகமும் தொடங்கின. நமக்குத் தெரிந்த பெயர் ரவிவர்மா. அந்தக் கதைக்குள் ஒரு கும்பகோணத்துக்காரர் இருக்கிறார் என்பது பல பேருக்குத் தெரியாது. சர் டி. மாதவராவ், 1828இல் கும்பகோணத்தில் பிறந்த தஞ்சாவூர் மராட்டியர். திருவிதாங்கூர், இந்தூர், பரோடா என்று மூன்று சமஸ்தானங்களில் திவானாக இருந்தவர். 'உங்கள் படங்களுக்கு அவ்வளவு கிராக்கி, ஒரு கையால் எத்தனை வரைய முடியும், ஐரோப்பாவுக்கு அனுப்பி எண்ணெய் வண்ண அச்சாகப் போடச் சொல்லுங்கள்' என்ற பொருளில் ரவிவர்மாவுக்கு யோசனை எழுதியவர் அவர்தான். ரவிவர்மா ஐரோப்பாவுக்கு அனுப்பவில்லை. ஐரோப்பாவை இங்கே வரவழைத்தார்! 1894இல் பம்பாயில் அச்சகம் போட்டார். இயந்திரம் ஜெர்மனியிலிருந்து, தொழில்நுட்பம் தெரிந்த ஆட்களும் அங்கிருந்துதான்.

ஓலியோகிராப் என்று சொல்கிறார்களே, அது எப்படி அச்சாகும் தெரியுமா? ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் அந்த நிறம் எங்கெங்கே வரவேண்டுமோ அதை மட்டும் எண்ணெய்ப் பசையுள்ள மையால் இடவலம் மாற்றி வரைவார்கள். பிறகு கல்லை நனைப்பார்கள். ஈரம் இருக்கிற இடத்தில் மை ஒட்டாது, கோடு இருக்கிற இடத்தில் ஒட்டும். இப்படி ஒவ்வொரு கல்லாக அதே காகிதத்தைத் துளியும் நகராமல் அழுத்தி எடுக்க வேண்டும். ஒரு சரஸ்வதிக்குப் பத்துப் பன்னிரண்டு கல்கூட ஆகும். கடைசியில் வார்னிஷ் பூசி, துணியில் வரைந்த எண்ணெய் ஓவியம் மாதிரி தோற்றம் கொடுப்பார்கள்.

ரவிவர்மாவுக்கு வியாபாரம் ஓடவில்லை. பம்பாயில் பிளேக் வந்தது, கடன் வந்தது. அச்சகத்தை லோனாவாலா பக்கம் மாளவ்லிக்கு மாற்றியும் சரிவரவில்லை. புதிய நூற்றாண்டு பிறந்த கையோடு தன்னிடம் வேலை பார்த்த ஜெர்மானியர் பிரிட்ஸ் ஷ்லைஷருக்கே அச்சகத்தை விற்றுவிட்டார். (இந்திய சினிமாவின் தந்தை என்று சொல்லப்படுகிற தாதாசாகேப் பால்கேயும் அந்த அச்சகத்தில் வேலை பார்த்தவர். அது தனிக் கதை.) 1906இல் ரவிவர்மா காலமானார். லட்சுமியும் சரஸ்வதியும் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அச்சாகிக்கொண்டே இருந்தார்கள். 1972இல் ஒரு தீவிபத்து அந்த அச்சகத்தின் கதையை முடித்தது.

அச்சகத்தில் படம் காகிதமாகத்தான் வெளியே வரும். காகிதத்தைச் சுவரில் ஒட்டினால் ஒரு மழைக்காலம் தாங்காது, பூவும் சந்தனமும் வைக்க முடியாது. கண்ணாடி போட்ட பிறகுதான் அதற்குப் பொட்டு வைக்கலாம், மாலை போடலாம், கற்பூரம் காட்டலாம். நம் ஊர்ப் பேச்சில் 'படத்துக்குக் கண்ணாடி போடணும்' என்றுதானே சொல்வோம்? என்னைக் கேட்டால், அச்சிட்ட காகிதம் பூஜை அறைக்குள் நுழைந்தது பிரேம் கடையின் வாசல் வழியாகத்தான். ரவிவர்மாவுக்குக் கொடுக்கிற புகழில் கொஞ்சத்தை அந்தத் தச்சருக்கும் கொடுக்கலாம்.

பிரேம் கடை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1920களில் கராச்சியில் ஸ்ரீநாத்தாஸ், ஷ்யாம்சுந்தர்லால் என்ற சகோதரர்கள் படத்துக்குச் சட்டம் போடும் தொழில் செய்துவந்தார்கள். விரஜபூமிக்காரர்கள், அதனால் பிரிஜ்பாசி. அன்றைக்குக் கடைக்கு வந்த வண்ணப்படங்களில் நிறைய ஜெர்மன் அச்சு. எந்தச் சாமி விற்கிறது, எது தூசி படிந்து கிடக்கிறது என்பது பிரேம் போடுகிறவருக்குத் தெரிகிற அளவுக்கு அச்சடிக்கிறவருக்குக் கூடத் தெரியாது. அவர்கள் நாத்துவாரா மரபில் வந்த நரோத்தம் நாராயண் சர்மா போன்ற ஓவியர்களிடம் படம் எழுதி வாங்கினார்கள், ஜெர்மனிக்கு அனுப்பி அச்சடித்து வரவழைத்தார்கள். எஸ். எஸ். பிரிஜ்பாசி அண்ட் சன்ஸ் என்ற பெயர் இந்தியா முழுக்கச் சுவர் ஏறியது. குழலூதும் கண்ணன், நீலமும் பொன்னுமாக நிலவொளியில் நிற்கிற அந்தப் பாணிக் கண்ணனை, நாம் எல்லாரும் எங்கேயாவது பார்த்திருப்போம்.

1939இல் போர் வந்ததும் ஜெர்மனி வழி அடைபட்டது. 1947இல் கராச்சியே வேறு நாடாகிவிட்டது. பம்பாய், டில்லி, மதுரா என்று அந்தக் குடும்பம் மறுபடி கடை விரித்தது. டில்லியில் பிழைக்க வந்து மறுபடி தொடங்கிய பஞ்சாபி, சிந்தி குடும்பங்களின் கதைகள் நமக்குப் பழக்கம். சுமந்து வந்த தொழில்களில் சாமி படமும் ஒன்று.

நம் பக்கம் திரும்புவோம். இந்தப் படங்களெல்லாம் சேர்ந்து தொங்கிய மாபெரும் சுவர் தமிழ்நாட்டில் ஒன்று உண்டென்றால் அது செட்டிநாடுதான். எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். வீடுகளில் பெரும்பாலானவை 1850க்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடித் தரைக்கல். வளவைச் சுற்றி உத்தரத்துக்குக் கீழே வரிசையாகப் படங்கள், தலைப்பக்கம் முன்னால் சாய்ந்தபடி. கீழே நிற்கிற ஆளுக்கு முகம் தெரியத்தான் அந்தச் சாய்வு. ரவிவர்மா அச்சுக்குச் சரிகையும் ஜிகினாவும் பாசிமணியும் துணியும் ஒட்டிப் புடவை கட்டிவிட்ட லட்சுமிகள் அங்கே நிறைய. அச்சில் வந்த ஆயிரம் லட்சுமிகளில் இது எங்கள் வீட்டு லட்சுமி என்று ஆக்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி தெரியவில்லை. இந்த மாதிரிப் படத்துக்குச் சாதாரணச் சட்டம் ஆகாது. துணியின் தடிமன் கண்ணாடியில் இடிக்காமலிருக்க ஆழமாகப் பெட்டி மாதிரி அடிக்க வேண்டும்.

இந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பர்மாவிலிருந்து. 1930இல் கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் செட்டியார்களிடம் இருந்தது சுமார் 6 சதவீதம். பொருளாதார மந்தத்தில் கடன் வாங்கிய விவசாயிகள் திருப்பித்தர முடியாமல் போக, 1938க்குள் அது சுமார் 25 சதவீதமாகிவிட்டது. வட்டிக்கு விட்ட காசு மண்ணாகத் திரும்பி வந்தது. பணம் வேண்டியவருக்கு நிலம் வந்தால் அது வெற்றி கிடையாது, மாட்டிக்கொள்வதுதான். பர்மியரின் கோபமும் அங்கேயே முளைத்தது. 1942இல் ஜப்பான் படை வந்தது. விடுதலைக்குப் பிறகு நில தேசியமயம் வந்தது. 1960களில் நே வின் ஆட்சியில் மிச்சமும் போயிற்று. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வீடு அப்படியே நின்றது, அதைக் கட்டிக் காக்கிற வருமானம் நின்றுபோனது.

அப்புறம் பங்காளிக் கணக்கு. ஒரு வீட்டுக்கு மூன்று தலைமுறையில் இருபது முப்பது பங்குதாரர்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் நம்மைப் போல எங்கேயோ. ஓடு மாற்றக்கூட எல்லாரும் சம்மதிக்க வேண்டும். சம்மதம் வராது, மழை மட்டும் வரும். ஒரு கட்டத்தில் எல்லாருக்கும் சம்மதமான ஒரே முடிவு விற்பனைதான். தூண் தனியாக, கதவு தனியாக, படம் தனியாக.

அப்படி இறங்கிய சாமான்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் வாங்க வெளிநாட்டுக்காரர்கள் தேடிவருகிற தெரு அது. பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, மரப்பாச்சி, பூட்டு, பல்லாங்குழி, அடுக்கடுக்காகச் சாய்த்துவைத்த சாமி படங்கள். எனாமல் பாத்திரம் ஏன் இவ்வளவு என்று பார்க்கிறவர்கள் திகைப்பார்கள். பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது ஒரே மாதிரிப் பொருளை டஜன் கணக்கில் அடுக்கிக் கொடுக்கிற வழக்கம், அவ்வளவுதான் ரகசியம். பலவற்றில் தண்ணீரே பட்டிருக்காது. சாமி படங்களுக்கு நடுவே ஜிப்பாவும் அங்கவஸ்திரமும் போட்ட பெரியவர்களின் படங்களும் இருக்கும். அவர்கள் யாரோ ஒருவருடைய ஐயா. இப்போது ஏதோ ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் 'பாரம்பரியத் தோற்றம்' கொடுக்கப் போகிறவர்.

எல்லாம் அழிந்துவிட்டது என்று ஒப்பாரி வைக்கவில்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. ஆனால் பட்டியல் வீட்டைக் காப்பாற்றினாலும் சுவரில் தொங்கும் படத்தைக் காப்பாற்றாது. அதைச் செய்ய வேண்டியவர் அந்த வீட்டு மனிதர்தான்.

செட்டிநாட்டுக்கு வெளியே, நம் அம்மாக்கள் வீட்டில் தொங்கியது பெரும்பாலும் கோவில்பட்டியும் சிவகாசியும். மயிலாப்பூரில் 1898இல் பிறந்த சி. கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார், திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தார், கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். 1976 வரை வாழ்ந்தார். டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் என்று ஒரு சீடர் கூட்டமே அவரிடம் உருவானது. பக்கத்திலேயே சிவகாசி. கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் தொழிற்சாலை வைத்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும், அச்சு இயந்திரம் சும்மா இருக்காமலிருக்கக் காலண்டர் வேண்டும். நாடகத் திரைச்சீலையில் பழகிய கையின் முருகன் அந்தக் காலண்டரில் வந்து நின்றார். பின்னால் மலை, தூண், அருவி எல்லாம் நாடக மேடை மாதிரியே இருப்பது ஏன் என்று இப்போது புரியும்.

ஜனவரி மாதம் தேதித்தாள் கட்டைப் பிய்த்துவிட்டு, ஜவுளிக்கடை பெயர் அச்சிட்ட அடிப்பாகத்தைக் கத்தரித்து, மேல்படத்தைப் பிரேம் கடைக்குக் கொண்டுபோவோமே, ஞாபகம் இருக்கிறதா? இலவசமாக வந்த படத்துக்குக் காசு கொடுத்துச் சட்டம். ஊருக்கு ஒரு பிரேம் கடை பிழைத்தது இதனால்தான்.

இந்தக் கத்தரிப்பில்தான் எனக்கு வருத்தம். காலண்டர் போகட்டும். பழைய ஓலியோகிராபின் கீழ் ஓரத்தில்தான் படத்தின் பெயர், அச்சகத்தின் பெயர், சிலவற்றில் எண், ஜெர்மனியில் அச்சிட்டது என்ற வரி எல்லாம் இருக்கும். புதுச் சட்டத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று கடைக்காரர் முதலில் வெட்டுவது அதைத்தான். அடுத்தது முதுகு. அந்தக் காலத்தில் பின்னால் அடித்தது மெல்லிய பலகை, பல நேரம் சரக்குப் பெட்டியைப் பிரித்த மரம். அதில் துறைமுகத்தின் பெயரோ கம்பெனி முத்திரையோ இருக்கலாம். பலகைக்கும் படத்துக்கும் நடுவே பூச்சி வராமலிருக்கச் செய்தித்தாள். பழைய சுதேசமித்திரன் துண்டு ஒன்று அங்கே தேதியோடு கிடந்தால், படம் அந்தத் தேதிக்கு முன்னால் சட்டத்துக்குள் போயிருக்க முடியாது என்று தெரிந்துவிடும். வேறு எந்த ஆதாரமும் சொல்லாததை அந்தக் கிழிசல் சொல்லும். பிரேம் கடைச் சீட்டு ஒட்டியிருந்தால் இன்னும் விசேஷம். உங்கள் கொள்ளுத்தாத்தா ரங்கூனில் இருந்தாரா, பினாங்கிலா என்பதை அந்தச் சீட்டு சொல்லிவிடும்.

மயூர் விஹார் அம்மா பலகையைக் கொடுக்காமல் தூக்கிப்போட மனம் வராமல் கேட்கிறார். வரலாறு படித்ததாலெல்லாம் இல்லை. "மக்கள் பிறகு வந்து கேட்கிறார்கள், அதற்குள் எரித்திருப்போம்" என்றார். பழைய கண்ணாடியையும் அவர் வீசுவதில்லை. லேசாக அலையடிக்கிற பழங்கண்ணாடிக்கு இப்போது தனி விலை.

உங்கள் வீட்டில் இருப்பது நிஜமான கல்லச்சா, பின்னால் வந்த நகலா என்று பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும். கன்னத்தில் ஒழுங்கான வரிசையில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் ஆப்செட். ஒழுங்கில்லாத பொடிமணல் மாதிரித் தெரிந்தால் கல்லச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய சட்டத்துக்குள் புது அச்சைச் செருகிப் 'பரம்பரைப் படம்' என்று விற்பதும் நடக்கிறது, அதனால் சட்டத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். படம் நேராகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்த்து எடுக்காதீர்கள், வண்ணம் கண்ணாடியோடு வந்துவிடும். புதுச் சட்டம் போட்டால் நடுவே மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள், அமிலம் இல்லாத அட்டையாகக் கேளுங்கள். பிரவுன் அட்டை பத்து வருடத்தில் படத்தையும் பழுப்பாக்கிவிடும்.

கடைசியாகச் சட்டம். இந்தமுறை மரச்சட்டம் இல்லை :-) 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1976 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. குறைந்தது நூறு ஆண்டு பழைய சிலை, ஓவியம், கைவினைப் பொருள் இதில் அடங்கும். கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டு. வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை, ஆனால் சிலை, ஓவியம் போன்ற சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டும். விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். நாட்டை விட்டு வெளியே தனியார் கொண்டுபோக முடியாது. நூறு ஆண்டு ஆகாத பொருள்தான் என்றாலும், பார்க்கப் பழையதாக இருந்தால் தொல்பொருள் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவது நல்லது.

போன வருடம் எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி ஃபிளாட்டை விற்றுவிட்டு மகனோடு இருக்க நியூஜெர்சி கிளம்பினார். மாமியாரின் மாமியார் கொண்டுவந்த தஞ்சாவூர் கிருஷ்ணர், ஒரு முழத்துக்கு மேல் உயரம். பேக்கர்ஸ்காரர்கள் வந்துவிட்டார்கள், மகன் போனில் அவசரப்படுத்துகிறார், மூன்று நாள் இருக்கிறது. பழையதை எல்லாம் எடுத்துக்கொள்கிறேன் என்று வியாபாரி ஒருவர் மொத்தமாக ஒரு விலை சொன்னார். மாமி அதைக் கேட்டுவிட்டு கிருஷ்ணரை ஒரு வேட்டியில் சுற்றி, ஆட்டோ வைத்து, ராமகிருஷ்ணாபுரத்தில் இருக்கிற நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார். மாட்டுவதற்கு முன்னால் பின்பலகையில் பென்சிலால் நாலு பேர் பெயரை எழுதச் சொன்னார்களாம். நாலாவது பெயர் நியூஜெர்சிப் பேத்தியுடையது.